முதலில் வாலைப் பாருங்கள்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் நரியை இனம் காண ஒரு வழிகாட்டி

ஊசுட்டேரிக் கரையிலோ பண்ருட்டி முந்திரித் தோப்பு ஓரத்திலோ அந்தி மயங்கும் நேரத்தில் ஒரு விலங்கு குறுக்கே ஓடுகிறது. நாய் மாதிரி இருக்கிறது, ஆனால் நாய் இல்லை. பார்த்தவரிடம் கேட்டால் முதலில் நிறத்தைத்தான் சொல்வார். ‘செவசெவன்னு இருந்துச்சு’, ‘கருநரிங்க, நல்லாப் பாத்தேன்’, ‘கால் மட்டும் கறுப்பு’. நிறத்தில் தொடங்கும் அடையாளம் பெரும்பாலும் தவறாகத்தான் முடிகிறது. மண், வெளிச்சம், மழை, தோல்நோய், வயது, பிறவி எல்லாமே ரோமத்தின் நிறத்தை மாற்றும். வாலின் நீளத்தையும் காதின் அமைப்பையும் அவற்றால் மாற்ற முடியாது. புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம்

நாம் நரி என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு விலங்குகளைக் குறிக்கிறோம். ஒன்று, நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய உறவான பொன்னிறக் குள்ளநரி. அறிவியல் பெயர் கேனிஸ் ஆரியஸ். மற்றது உருவத்தில் மிகச் சிறிய, வளை தோண்டி வாழும் குழிநரி. இதை இந்திய நரி என்றும் வங்காள நரி என்றும் எழுதுகிறார்கள். அறிவியல் பெயர் வல்பெஸ் பெங்காலென்சிஸ். சேலம் பக்கம் வங்காநரி என்ற பெயரும் வழங்குகிறது. சிலர் குள்ளநரி என்ற பெயரையே இந்தச் சின்ன விலங்குக்கும் சொல்லிவிடுகிறார்கள். இங்கே குள்ளநரி என்றால் முதலாவது, குழிநரி என்றால் இரண்டாவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘நரி ஊளையிடும்’ என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்கிறோம். கூட்டமாகச் சேர்ந்து நீளமாக ஊளையிடுவது குள்ளநரிதான். குழிநரி அப்படி ஊளையிடாது. ஆகவே நம் பேச்சில் வரும் நரி பெரும்பாலும் குள்ளநரியே. ஆனால் பாட்டி வடை சுட்ட கதைக்குப் பாடப் புத்தகங்களில் வரைகிற நரி இவை இரண்டும் இல்லை. செம்பழுப்பு உடல், கறுப்புக் கால், வெள்ளை வால் நுனி கொண்ட அது செந்நரி, வல்பெஸ் வல்பெஸ். இந்தியாவில் அது இமயமலையிலும் லடாக்கிலும் வடமேற்கு வறண்ட நிலங்களிலும் இருக்கிறது, தமிழ்நாட்டில் இல்லை. குழந்தையிலிருந்து மனதில் பதிந்த அந்தப் படத்தை வைத்துக்கொண்டு தேடுவதால்தான், தோப்பில் குள்ளநரியைப் பார்த்தவர் ‘இது நரி மாதிரி இல்லையே’ என்கிறார். செம்மண்ணில் புரண்டு வந்த குள்ளநரியைப் பார்த்தவர் ‘இதுதான் நரி’ என்கிறார்.

எங்கே எதை எதிர்பார்க்கலாம்

குள்ளநரிக்குப் பகலில் படுக்க மறைவு வேண்டும், இரவில் மேயச் சுற்றுவட்டாரம் வேண்டும். சவுக்குத் தோப்பு, முந்திரிக் காடு, கரும்புக் கொல்லை, சீமைக்கருவேலம் மண்டிய ஏரிக்கரை, பெண்ணையாறு, கெடிலம் ஆற்றுப் படுகைப் புதர்கள் எல்லாம் அதற்கு ஏற்றவை. ஆரோவில் காடுகளிலும் காலாப்பட்டுப் பல்கலைக்கழக வளாகத்திலும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டு ஓரங்களிலும் அது வாழ்கிறது. எலி, நண்டு, கோழி, செத்த மாடு, இலந்தைப் பழம், நாவல் பழம், உதிர்ந்த பலாச்சுளை என எது கிடைத்தாலும் தின்னும்.

குழிநரிக்குப் புல் குட்டையாக வளர்ந்த வறண்ட வெட்டவெளி வேண்டும். அடர்ந்த தோப்பும் சேற்று நிலமும் அதற்கு ஒத்துவராது. தேடுவதானால் மேற்கே, விருத்தாசலம், வேப்பூர், திட்டக்குடிப் பக்கத்து மானாவாரி மேட்டு நிலம் மாதிரியான இடங்களில் தேடவேண்டும். கடற்கரைச் சவுக்கில், பிச்சாவரம் சேற்றில், ஆரோவில் காட்டுக்குள் பார்த்தது குழிநரி என்று யாராவது சொன்னால், ஆதாரத்தை இரண்டு முறை கேட்டுப் பார்ப்பது நல்லது. இடம் மட்டுமே முடிவு ஆகாது. ஆனால் எது சந்தேகத்துக்கு உரியது என்று அது சொல்லிவிடும்.

கையில் என்ன இருக்கவேண்டும்

8×42 பைனாகுலர் ஒன்று போதும். 10 மடங்குக்கு மேல் போனால் அந்தி வெளிச்சத்தில் கை நடுக்கமும் இருட்டும்தான் மிஞ்சும். 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், சின்ன நோட்டு, பென்சில், டார்ச். டார்ச்சின் முகத்தில் சிவப்பு செலோஃபேன் தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். விலங்கு மிரள்வது குறையும். நேரம் காலை 5.30 முதல் 7 மணி வரை, மாலை 5.45 முதல் 7 மணி வரை. காற்று உங்கள் முகத்தில் படும்படி உட்காருங்கள். முதுகுப் பக்கமிருந்து காற்று அடித்தால் உங்கள் வாடை முன்னால் போய்விடும், எதுவும் வெளியே வராது. குறைந்தது 50 மீட்டர் தள்ளியே இருங்கள்.

செல்போனில் எடுப்பவர்கள் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்படமாக எடுங்கள். மூன்று கோணம் தேவை: பக்கவாட்டில் முழு உடல், வால் நுனி தெரியும்படி ஒன்று, விலங்கு திரும்பிப் போகும்போது காதின் பின்புறம் தெரியும்படி ஒன்று. எல்லோரும் முகத்தைத்தான் எடுக்கிறார்கள். போகும்போது எடுத்த பின்பக்கப் படமே பல நேரங்களில் முடிவைச் சொல்லும். ஃபில்டர், நிறம் கூட்டும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

முதல் படி: நாயா, இல்லையா

நம் தெருநாய்களில் எல்லா நிறமும் உண்டு, மெலிந்த உடலும் கூர்காதும் உண்டு. அதனால் நாயை முதலில் கழித்துவிட வேண்டும். வாலைத் தூக்கி முதுகின்மேல் வளைத்தால் அது நாய். குள்ளநரி வாலைக் கீழே தொங்கவிட்டே நடக்கும், சுருட்டாது. ஆனால் பயந்த நாயும் வாலைத் தாழ்த்தும் என்பதால், தொங்கும் வாலை மட்டும் வைத்து நரி என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு கால் வெள்ளை மற்றக் கால் பழுப்பு, ஒரு பக்கம் மட்டும் திட்டு, நெற்றியில் வெள்ளைக் கோடு என்று இடவலம் ஒத்துப்போகாத நிறம் இருந்தால் பெரும்பாலும் நாய்தான். தொங்கும் காது, கழுத்துப்பட்டை, கழுத்தில் கயிற்றுத் தழும்பு இருந்தால் மேலே பார்க்கத் தேவையில்லை.

நடையையும் கவனியுங்கள். நாய் மோப்பம் பிடித்துக்கொண்டே இடமும் வலமும் அலையும். குள்ளநரி ஏதோ அவசர வேலையாகப் போகிறவர் மாதிரி தலையைத் தாழ்த்தி ஒரே வேகத்தில் குறுநடை போடும். சற்றுத் தூரம் போய் நின்று திரும்பிப் பார்க்கும். நாய்க்கும் குள்ளநரிக்கும் கலப்புக் குட்டி பிறக்க முடியும் என்பது மரபணுச் சோதனையில் உறுதியான விஷயம். ஆனால் கண்ணால் பார்த்துக் ‘கலப்பு’ என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நோட்டில் அந்தச் சொல்லை எழுதாதீர்கள்.

இரண்டாம் படி: அளவு

குள்ளநரி தோள்வரை 38 முதல் 43 செ.மீ. உயரம், 8 முதல் 11 கிலோ எடை. மெலிந்த தெருநாயை விடச் சற்றுச் சிறியது. குழிநரியின் தோள் உயரம் ஒரு அடிக்குள்தான். எடை 2 முதல் 3 கிலோ சொச்சம். அதாவது, நீண்ட கால் முளைத்த ஒரு வீட்டுப் பூனை. இரண்டுக்கும் நடுவே மூன்று மடங்கு எடை வித்தியாசம் இருக்கிறது. அப்படியிருந்தும் குழப்பம் வருவதற்குக் காரணம், வெட்டவெளியில் பக்கத்தில் ஒப்பிட எதுவும் இருக்காது; தனியாக நிற்கும் சின்ன விலங்கு பெரிதாகவே தெரியும்.

இதற்கு ஒரு நம்பகமான வழி உண்டு. விலங்கு நின்ற இடத்தில் ஒரு அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு கல், வரப்பு முனை, பனங்கன்று, வேலிக்கால், எதுவானாலும் சரி. நீங்கள் நின்ற இடத்திலும் ஒரு செருப்பையோ குச்சியையோ போட்டு வையுங்கள். விலங்கு போய்ப் பத்து நிமிடம் கழித்து, அந்த இடத்தில் ஸ்கேலையோ அளவு தெரிந்த கம்பையோ நட்டுவிட்டுத் திரும்பி வந்து, முதலில் நின்ற அதே இடத்திலிருந்து அதே ஜூமில் மறுபடி படம் எடுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தோள் உயரம் இரண்டு மூன்று செ.மீ. துல்லியத்தில் வந்துவிடும். ஜூமை மாற்றினாலோ நாலு அடி முன்னால் வந்து எடுத்தாலோ கணக்கு கெட்டுப்போகும். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாம் படி: வால்

ஒரே ஒரு உறுப்பைத்தான் பார்க்க நேரம் கிடைக்கும் என்றால் வாலைப் பாருங்கள்.

குள்ளநரியின் வால் 20 முதல் 27 செ.மீ.; தலையும் உடலும் சேர்ந்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. நிற்கும்போது தொங்கவிட்டால், பின்னங்காலில் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் மூட்டு வரை வரும், அல்லது அதற்குச் சற்றுக் கீழே முடியும். குழிநரியின் வால் 25 முதல் 35 செ.மீ.; சின்ன உடலுக்கு இது பாதிக்கும் மேலே. தொங்கவிட்டால் தரையைத் தொட்டுவிடும்போல இருக்கும், அடர்ந்து புசுபுசுவென்றும் இருக்கும். ஓடும்போது குழிநரி வாலை உடலுக்கு நேர்கோட்டில் பின்னால் நீட்டும். சட்டென்று திசை திரும்பும்போது வால் செங்குத்தாக எழும். அந்த வால் வீச்சை ஒருமுறை பார்த்தவர் பிறகு குள்ளநரியோடு குழப்பிக்கொள்ள மாட்டார்.

வால் நுனி இரண்டுக்குமே கறுப்புதான். ‘நுனி கறுப்பாக இருந்தது, அதனால் குழிநரி’ என்று எழுதினால் அது ஆதாரம் ஆகாது. நுனியின் நிறம் வேறொரு வேலைக்கு உதவும். நுனி வெள்ளையாக இருந்தால் அது நம் ஊரின் இரண்டில் எதுவும் இல்லை. செல்போனில் வந்த படம் என்றால் செந்நரியாக இருக்கலாம். நம் ஊரில் நேரில் பார்த்தது என்றால் முதல் படிக்குத் திரும்பிப் போய் நாயா என்று பாருங்கள்.

நான்காம் படி: தலை

குழிநரியின் முகவாய் மெல்லியது, கூர்ந்தது. காது முகத்தோடு ஒப்பிடப் பெரியது. காதின் பின்புறம் பிடரியின் நிறமாகவோ சற்று அடர்ந்த பழுப்பாகவோ இருக்கும். செந்நரிக்குக் காதின் பின்புறம் தெளிவான கறுப்பு. குள்ளநரிக்கு முகவாய் தடிப்பு, காது அகன்று நிற்கும், ஆனால் தலைக்கு மிகப் பெரிதாகத் தெரியாது.

பகலில் நல்ல வெளிச்சத்தில், நெருக்கமான படம் கிடைத்தால் கண்மணியைப் பாருங்கள். குழிநரிக்கும் செந்நரிக்கும் பூனைக்கு இருப்பதுபோல மேலிருந்து கீழாக ஒடுங்கும். குள்ளநரிக்கும் நாய்க்கும் வட்டமாகவே இருக்கும். அந்தியில் எல்லாக் கண்மணியும் விரிந்துவிடுவதால் இந்தச் சோதனை அப்போது பலிக்காது. டார்ச் வெளிச்சத்தில் கண் பச்சையாக மின்னியது, மஞ்சளாக மின்னியது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பார்க்கும் கோணம் மாறினால் அந்த நிறமும் மாறும்.

இப்போது நிறம்: எது, ஏன் ஏமாற்றுகிறது

நம் பகுதியில் மிக அதிகமாக ஏமாற்றுவது மண். பண்ருட்டி, வானூர், ஆரோவில் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் படுத்து எழுந்த குள்ளநரி உண்மையாகவே செங்கல் நிறத்தில் இருக்கும். பிச்சாவரம் பக்கம் உப்பங்கழிச் சேற்றில் நண்டு தேடி வந்ததற்கு நாலு காலும் முழங்கால் வரை கறுப்புக் காலுறை போட்டதுபோல இருக்கும். கறுப்புக் காலும் செந்நிற உடலும் படப்புத்தகச் செந்நரியின் அடையாளங்கள். அதனால்தான் ‘இங்கே செந்நரி இருக்கிறது’ என்ற பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. சேற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? சேற்றின் மேல் விளிம்பு நாலு காலிலும் ஒரே மட்டத்தில், நேராக வெட்டினதுபோல இருக்கும். வயிற்று ரோமம் ஒட்டிக்கொண்டு தொங்கும். இயல்பான கறுப்பு அப்படி இருக்காது, மெல்ல மெல்லக் கலந்து மங்கும். செந்நரியில் அது பெரும்பாலும் காலின் முன்பக்கத்தில்தான் அடர்ந்திருக்கும்.

வெளிச்சம் அடுத்தது. மஞ்சள் சோடியம் விளக்கின் கீழ் சாம்பல்நிற விலங்கும் ஆரஞ்சாகத் தெரியும். சாயும் வெயிலும் அதே வேலையைச் செய்யும். வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் எதுவும் கறுப்புதான். கருநரி என்று சொல்லப்படும் காட்சிகளில் விலங்குக்குப் பின்னால் வானமோ ஏரித் தண்ணீரோ பளபளத்ததா என்று முதலில் கேளுங்கள். மழையில் நனைந்த ரோமம் இரண்டு மடங்கு அடர்ந்து தெரியும். இரவில் தானாகப் படம் பிடிக்கும் அகச்சிவப்புக் கேமராவில் நிறமே பதிவாகாது; பழுப்பு விலங்கு வெளுத்துத் தெரியும். அந்தப் படத்தை வைத்து ‘வெள்ளை நரி’ என்று சொல்லவே கூடாது.

குள்ளநரியின் முதுகில் கறுப்பு நுனி கொண்ட முடிகள் கலந்திருக்கும். சிலவற்றில் அவை அடர்ந்து சேணம் போட்டதுபோலக் கருமையான போர்வையாகத் தெரியும். இணையத்தில் தேடிப் பார்ப்பவர்கள் உடனே ஆப்பிரிக்காவின் கருமுதுகுக் குள்ளநரி என்று எழுதிவிடுகிறார்கள். அது ஆப்பிரிக்காவை விட்டு வந்ததில்லை. முடி உதிரும் பருவத்தில் அந்தப் போர்வை திட்டுத் திட்டாகக் கலைந்து, அடியிலுள்ள வெளிறிய ரோமம் தெரியும். அப்போது அதே விலங்கு வேறொரு விலங்கு மாதிரி இருக்கும்.

சொறி பிடித்த விலங்கைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அளவையும் வாலையும் ஒழுங்காகப் பார்ப்பவர்களைக்கூட அது ஏமாற்றும். சார்கோப்டிஸ் என்ற நுண்ணிய பூச்சி தோலுக்குள் துளைத்து முட்டையிடுவதால் வரும் நோய் இது. ரோமம் கொட்டித் தோல் தடித்து, சாம்பல் பொருக்குத் தட்டிவிடும். வால் எலிவால் மாதிரி மெலிந்துவிடும், கறுப்பு நுனியும் போய்விடும். ரோமம் போனதால் காலும் காதும் அளவுக்கு மீறி நீண்டு தெரியும். இதைப் பார்த்துவிட்டு ஓநாய் என்பார்கள், இன்னும் என்னென்னவோ சொல்வார்கள். இங்கே உதவுவது எலும்பு அளவுதான்: தோள் உயரம், வாலின் நீளம், முகவாயின் தடிப்பு. வால் எவ்வளவு மெலிந்தாலும் அதன் நீளம் குறையாது. சொறி நாய்க்கும் நரிக்கும் இடையே தொற்றும். அது படுத்த இடத்துக்கு வீட்டு நாயைக் கூட்டிப்போகாதீர்கள்.

இத்தனையும் கழித்த பிறகும் நிறம் விசித்திரமாக இருந்தால், அப்போதுதான் பிறவி மாற்றத்தை யோசிக்கவேண்டும். உடல் முழுக்க வெள்ளையாக இருந்தும் மூக்கும் கண்ணும் இயல்பான கருமையோடு இருந்தால் அது வெண்மைத் திரிபு. கண்ணும் மூக்கும் இளஞ்சிவப்பாக இருந்தால் நிறமியே இல்லாத முழு வெளிறல். கருமை கூடிப்போவதும் உண்டு. மூன்றுமே அரிது. எந்த மாற்றமும் இனத்தை மாற்றாது: வெள்ளையாகப் பிறந்த குள்ளநரியின் வாலும் உடலில் மூன்றில் ஒரு பங்குதான்.

செல்போனில் வரும் படங்கள்

‘நம்ம ஊரில் அபூர்வக் கருநரி’ என்று வரும் படங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுச் செந்நரிகள். செந்நரி ஒரே இனத்துக்குள் பல நிறங்களில் பிறக்கும். கறுப்பு உடலில் வெள்ளி தூவியதுபோல இருப்பது வெள்ளிநரி. முதுகுத்தண்டில் ஒரு கருங்கோடும் தோளுக்குக் குறுக்கே இன்னொன்றும் ஓடிச் சிலுவைபோலத் தெரிவது சிலுவைநரி. தனி இனங்கள்போலத் தோன்றினாலும் எல்லாமே செந்நரிதான். வழக்கமான செந்நிறத்தையும் சேர்த்து இயற்கையான இந்த மூன்று வடிவத்திலும் வால் நுனி பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும், அதுதான் பிடிகயிறு. ரோமத்துக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்பட்டவற்றில் இன்னும் பல நிறங்களை மனிதர்கள் உண்டாக்கினார்கள். 1959இல் சோவியத் நாட்டின் நோவோசிபிர்ஸ்கில் தொடங்கிய பழக்கப்படுத்தும் ஆய்விலும் பண்ணை வெள்ளிநரிகளைத்தான் பயன்படுத்தினார்கள். மனிதரிடம் அஞ்சாதவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தபோது உடலில் வெள்ளைத் திட்டுகளும் தோன்றின. அதனால் நெற்றியில் வெள்ளை நட்சத்திரமும் மனிதர் மடியில் உட்காரும் பழக்கமும் உள்ள கறுப்பு நரிப் படம் பிச்சாவரத்தில் எடுத்ததாக இருக்க முடியாது.

முழு வெள்ளைப் படம் வந்தால் காதையும் முகவாயையும் பாருங்கள். குட்டையான உருண்டைக் காது, குறுகிய முகவாய் என்றால் வடதுருவப் பனிநரி. குளிர்காலத்தில் வெள்ளை, கோடையில் பழுப்பு. வருடம் முழுக்க நீலச்சாம்பலாக இருக்கும் வகையும் அதில் உண்டு. காது கூர்ந்து நீண்டிருந்தால் வெளிறிய செந்நரியாக இருக்கும். அமெரிக்கச் சாம்பல்நரியின் காதும் காலும் செந்நிறம் என்பதால் அந்த ஊர்க்காரர்களே அதைச் செந்நரி என்று தவறாக எண்ணுவார்கள். வாலின் மேற்புறம் நெடுக ஓடும் கருங்கோடும் கறுப்பு நுனியும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

தடமும் குரலும்

விலங்கைப் பார்க்காமலே அடையாளம் காண ஏரிக்கரை ஈர மண்ணும் ஆற்று மணலும் போதும். நான்கு விரல், நான்கு நகம், பின்னால் ஒரு மெத்தை. நகக்குறி இல்லை என்றால் அது பூனை வகை. நம் வயல்வெளிகளில் திரியும் காட்டுப்பூனையாக இருக்கலாம். குள்ளநரியின் தடம் ஏறத்தாழ 5 செ.மீ. நீளம், குழிநரியுடையது 4 செ.மீ.க்குள். குள்ளநரிக்கு ஒரு தனி அடையாளம் உண்டு: முன்காலின் நடு விரல்கள் இரண்டின் மெத்தைகளும் பின்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மெல்லிய ஈரக் களிமண்ணில் அது தெளிவாகப் பதியும். சில நாய்களிலும் இப்படி இருப்பது உண்டு என்பதால் ஒரே தடத்தோடு நிற்காமல் பத்துத் தடமாவது தொடர்ந்து போய்ப் பாருங்கள். நரியின் தடம் ஒடுங்கி, நேர்கோட்டில் போகும். நாயின் விரல்கள் விரிந்து, வழி கோணலாகப் போகும்.

அளக்கும்போது தடத்தின் அடிப்பரப்பை அளக்கவேண்டும். சேற்றில் கால் வழுக்கியதால் அகன்ற மேல்விளிம்பை அளந்தால் ஒரு செ.மீ. கூடிவிடும், குழிநரி குள்ளநரியாகிவிடும். நகத்தைச் சேர்த்து அளந்தீர்களா, விட்டு அளந்தீர்களா என்பதையும் எழுதுங்கள். படம் எடுக்கும்போது ஸ்கேலைத் தடத்துக்குப் பக்கத்தில், அதே மட்டத்தில் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். உலர்மணலில் கிடக்கும் தடத்தை அளந்து பயனில்லை, விட்டுவிடுங்கள்.

குரலில் குழப்பம் குறைவு. ஒன்று தொடங்கி மற்றவை சேர்ந்துகொள்ள, மேலே ஏறி ஏறிக் கூவிக் கடைசியில் குட்டிக் குட்டிக் குரைப்பாக உடையும் ஊளை குள்ளநரியுடையது. அந்தி சாய்ந்ததும், விடிவதற்கு முன்னும் கேட்கும். ஆம்புலன்ஸ் சைரனுக்கும் பதில் ஊளை வரும். மூன்று நரிகள் சேர்ந்து ஊளையிட்டால் பத்து இருப்பதுபோலத் தோன்றும்; ஊளையை வைத்து எண்ணிக்கை எழுதாதீர்கள். குழிநரி கடகடவென்று விட்டுவிட்டுச் சின்னக் குரலில் குரைக்கும்.

குட்டிகளும் கடியும்

கரும்பு வெட்டும்போது சோகைக்குள் கருநிறக் குட்டிகள் கிடைப்பதுண்டு. நாய்க்குட்டி என்று தூக்கிப்போகிறார்கள், அல்லது கருநரி என்று படம் எடுத்துச் சுற்றுக்கு விடுகிறார்கள். குள்ளநரிக் குட்டியும் குழிநரிக் குட்டியும் பிறந்த புதிதில் பெரும்பாலும் கரும்பழுப்பாகவே இருக்கும். வளர வளரத்தான் நிறம் வெளுக்கும். குட்டியில் நிறத்தைப் பார்ப்பது வீண். தொடாமல், அந்தப் பாத்தியை மட்டும் விட்டுவிட்டு ஆட்கள் விலகிப்போனால் தாய் பெரும்பாலும் இருட்டியதும் வந்து வேறிடத்துக்குத் தூக்கிப்போய்விடும். மறுநாள் காலையிலும் குட்டிகள் அங்கேயே கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு இனமும் பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். நரிக்கொம்பு என்று விற்பதை வாங்குவதும் அதே சட்டத்தில் மாட்டிவிடும். நரிக்குக் கொம்பே கிடையாது.

பட்டப்பகலில் ஆளைக் கண்டு விலகாமல் தள்ளாடி வரும் நரியை, அடையாளம் காணும் ஆசையில் நெருங்காதீர்கள். வெறிநோயாக இருக்கலாம். கடித்தாலோ கீறினாலோ, புண்ணின்மேல் எச்சில் பட்டாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகவேண்டும். எந்த இனம் கடித்தது என்று தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, எது கடித்தாலும் போடுவது ஒரே வகைத் தடுப்பூசிதான்.

பதிவு எழுதும் முறை

நாள், நேரம், இடம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, மண்ணின் நிறம், முந்தின நாள் மழை உண்டா. அடுத்து அளவு, வால், காது, முகவாய், நடை. இதையெல்லாம் எழுதி முடித்த பிறகுதான் நிறத்துக்கு ஒரு வரி. வரிசையை மாற்றி நிறத்தை முதலில் எழுதினால், அதற்கு ஏற்றபடியே மற்றவற்றையும் மனம் நினைவுபடுத்திக்கொள்ளும். அதனால்தான் இந்த ஒழுங்கு. ‘சிவப்பு’ என்று பொதுவாக எழுதாமல் ‘முதுகு சாம்பல், தோளுக்குப் பின்னால் செம்மண் நிறம், வயிறு வெளிறியது’ என்று உறுப்பு உறுப்பாக எழுதுங்கள்.

பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் ஏற்றும்போது இனம் உறுதியாகத் தெரியவில்லை என்றால் ‘நாய்க் குடும்பம்’ என்ற அளவில் நிறுத்திவிடுங்கள். படம் நன்றாக இருந்தால் தெரிந்தவர்கள் மேற்கொண்டு சொல்வார்கள். வளையையோ குட்டிகளையோ பார்த்திருந்தால் இருப்பிடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்த பிறகே ஏற்றுங்கள். அந்த வளைக்குப் போகும் பாதை, பக்கத்துக் கோயில், மைல் கல் எதுவும் படத்தின் ஓரத்தில் தெரியாதபடி வெட்டிவிடுங்கள்.